லிவர்பூலுக்கு அடுத்த பயிற்சியாளர் யார்? ரசிகர்களின் ஊகங்கள் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2024 ஜனவரி 26 அன்று, இங்கிலாந்தின் லிவர்பூல் கால்பந்துக் கிளப்பின் பயிற்சியாளர் யூர்கன் கிளாப், அந்தப் பருவத்தின் முடிவில் விலகுவதாக அறிவித்தார். நம் நாட்டில் அன்று குடியரசு நாள் விடுமுறை. மாலையில் செய்தி வந்ததிலிருந்து என் கைப்பேசி ஓயவில்லை. அந்த நாள் தொடங்கி, அவருக்கு அடுத்தவராக ஆர்னே ஸ்லாட்டின் நியமனம் மே 20 அன்று அதிகாரபூர்வமாக வெளிவந்த நாள்வரை, நண்பர்களோடு நான் பேசிய கால்பந்துப் பேச்சில் பாதிக்கு மேல் ஒரே கேள்வியைச் சுற்றியே இருந்தது: அடுத்து யார்? பயிற்சியாளர் மாற்றம் எந்த கிளப்பில் நடந்தாலும் ரசிகர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் இவைதான் என்பதால், அந்த நான்கு மாதங்களை முன்வைத்து அவற்றுக்கு இங்கே விடை எழுதியிருக்கிறேன்.

கிளாப் விலகுவதாகச் சொன்னபோது ரசிகர்கள் அவ்வளவு கலங்கியது ஏன்?

அவர் 2015 அக்டோபரில் பொறுப்பேற்றபோது லிவர்பூல் இங்கிலாந்தின் லீக் பட்டத்தை வென்று 25 ஆண்டுகள் ஆகியிருந்தன. 2019-இல் சாம்பியன்ஸ் லீக்கையும், 2020-இல் முப்பது ஆண்டுக் காத்திருப்புக்குப் பின் பிரீமியர் லீக்கையும், 2022-இல் எஃப்.ஏ. கோப்பையையும் லீக் கோப்பையையும் அவர் பெற்றுத் தந்தார். விலகலை அறிவித்த நாளில் அணி லீக் பட்டியலில் முதலிடத்தில் இருந்தது. அவருடைய ஒப்பந்தம் 2026 வரை நீண்டது. அவரை அனுப்பிவிட வேண்டும் என்று உரிமையாளர்களும் நினைக்கவில்லை. தொடர் தோல்விகளால் ஒரு பயிற்சியாளர் வெளியேறுவது ரசிகர்களுக்குப் பழகிப்போன ஒன்று. அப்போது ஊகங்கள் பல வாரங்களுக்கு முன்பே தொடங்கி, செய்தி வரும் நேரத்தில் மனமும் ஒருவாறு ஆயத்தமாகியிருக்கும். வென்றுகொண்டிருக்கும் ஒருவர் தமக்குள் ஆற்றல் தீர்ந்துவருகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து போவதை யாரும் எதிர்பார்த்திருக்கவில்லை.

அவர் இதை 2023 நவம்பரிலேயே உரிமையாளர்களிடம் சொல்லிவிட்டார் என்பதும் அப்போது தெரியவந்தது. நாம் முதல் பெயரை உச்சரிப்பதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்பே கிளப்புக்கு விவரம் தெரியும். ஊகங்களைப் பற்றிப் பேசும்போது இந்த இடைவெளி எப்போதும் நினைவில் இருக்க வேண்டும்.

எல்லோரும் சாபி அலோன்சோவின் பெயரையே சொன்னது ஏன்?

அந்தப் பெயரில் எல்லாம் பொருந்தியிருந்தது. 2004 முதல் 2009 வரை லிவர்பூலின் நடுக்களத்தில் ஆடியவர். 2005-இல் இஸ்தான்புல்லில் ஏ.சி. மிலானுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் இறுதியாட்டத்தில், தம் பெனால்டி தடுக்கப்பட்டுத் திரும்பிவந்த பந்தை மீண்டும் வலைக்குள் அடித்து மூன்றாவது கோலைப் போட்டவர். அந்த இரவைப் பார்த்த எவருக்கும் அவர் வெறும் முன்னாள் வீரர் அல்லர். பயிற்சியாளராகவும் அவர் அப்போது உச்சத்தில் இருந்தார். 2022 அக்டோபரில் அவர் பொறுப்பேற்றபோது ஜெர்மன் லீக் பட்டியலில் கடைசிக்கு முந்தைய இடத்தில் கிடந்த பேயர் லெவர்குசன், 2024 தொடக்கத்தில் ஒரு தோல்வியும் இன்றி முதலிடத்தில் நின்றது.

நினைவும் தகுதியும் ஒரே பெயரில் சேர்ந்துவிட்டால் ரசிகர்கள் வேறு பெயரைத் தேட மாட்டார்கள். பந்தய நிறுவனங்களின் பட்டியலிலும் வாரக்கணக்காக அவரே முதலில் இருந்தார். நானும் பிப்ரவரி முழுவதும் அவர் வருவார் என்றே நம்பினேன். அவருடைய அணி எந்த அமைப்பில் ஆடுகிறது, நம் வீரர்களில் யார் எந்த இடத்துக்குப் பொருந்துவார்கள் என்று தாள் தாளாகக் கிறுக்கி வைத்திருந்தேன். அவருக்கு லிவர்பூல் தேவையா, அதுவும் அந்த ஆண்டிலேயே தேவையா என்ற கேள்வியை மட்டும் நான் ஒருமுறைகூடக் கேட்டுக்கொள்ளவில்லை.

அப்படியானால் அவர் ஏன் வரவில்லை?

2024 மார்ச் 29 அன்று, லெவர்குசனிலேயே தொடரப் போவதாக அவரே அறிவித்தார். அவருடைய ஒப்பந்தம் 2026 வரை இருந்தது. பயிற்சியாளராகத் தாம் இன்னும் கற்க வேண்டியது இருக்கிறது என்பதும், தற்போதைய அணியோடான பணி முடியவில்லை என்பதுமே அவர் தந்த விளக்கத்தின் சாரம். அந்த அணி ஏப்ரல் 14 அன்று வெர்டர் பிரெமனை 5-0 என வென்று தன் வரலாற்றின் முதல் ஜெர்மன் லீக் பட்டத்தைப் பெற்றது. லீக்கை ஒரு தோல்வியும் இல்லாமல் முடித்தது. ஓராண்டு கழித்து, 2025 கோடையில், அவர் தம் இன்னொரு பழைய கிளப்பான ரியல் மாட்ரிடுக்குச் சென்றார்.

ஒரு வேட்பாளருக்கும் சொந்தக் கணக்கு உண்டு என்பதை ரசிகர்களின் பட்டியல்கள் மறந்துவிடுகின்றன. நம் கிளப்பின் நாற்காலி உலகிலேயே உயர்ந்தது என்று நாம் நம்புவதில் தவறில்லை. ஆனால் கிளாப் எழுந்துபோன நாற்காலியில் உடனே அமர்வது எவ்வளவு இடரானது என்பது அமரப்போகிறவருக்கு நன்றாகத் தெரியும்.

ரூபன் அமோரிம் பெயர் எங்கிருந்து வந்தது?

அலோன்சோ விலகியதும் வெற்றிடத்தை நிரப்பிய பெயர் அது. லிஸ்பனின் ஸ்போர்டிங் அணியைப் போர்ச்சுகல் லீக்கின் உச்சியில் வைத்திருந்த இளம் பயிற்சியாளர். அவரை அழைத்துக்கொள்ள வேறு கிளப் தர வேண்டிய விடுவிப்புத் தொகையும் ஒப்பந்தத்தில் குறிக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் தொடக்கத்தில் ஏறக்குறைய முடிந்துவிட்ட விஷயம் போலவே இது பேசப்பட்டது. ஆனால் அவருடைய ஆட்டமுறை மூன்று மையத் தற்காப்பு வீரர்களை அடிப்படையாகக் கொண்டது. லிவர்பூலின் வீரர்களோ பல ஆண்டுகளாக நால்வர் தற்காப்புக்கென்றே தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள். அவரைக் கொண்டுவந்தால் அணியின் பாதியைத் திருத்தி அமைக்க வேண்டியிருக்கும்.

அந்த மாதத்திலேயே அவர் வெஸ்ட் ஹாம் கிளப்போடு பேச லண்டன் சென்றுவந்து, அந்தப் பயணம் தவறு என்று பின்னர் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தார். 2024 நவம்பரில் அவர் மான்செஸ்டர் யுனைடெட்டில் சேர்ந்தபோது அதே அமைப்பைத் தம்மோடு கொண்டுசென்றார். அந்தப் பருவத்தை அந்த அணி 15-ஆம் இடத்தில் முடித்தது. இதை அவர் திறமைக் குறைவுக்குச் சான்றாகக் காட்டுவது நியாயமாகாது. ஒரு முறைக்கென்று சேர்க்கப்பட்ட வீரர்களிடம் வேறொரு முறையைப் பருவத்தின் நடுவில் கொடுத்தால் எவருக்கும் கடினமே.

ஸ்லாட்டின் பெயர் தொடக்கத்தில் ஏன் யார் வாயிலும் இல்லை? கிளப் அவரிடம் எதைக் கண்டது?

இந்தப் பக்கத்தில் உள்ள கேள்விகளில் எனக்கு முதன்மையானது இதுதான். இதற்கு விடை சொல்ல, அடுத்தவர் யார் என்பதைத் தள்ளிவைத்துவிட்டு, அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கப்போவது யார் என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கிளாப் அறிவித்த வாரத்தில், வீரர் சந்தையைக் கவனிக்கும் பொறுப்பான விளையாட்டு இயக்குநர் பதவியில் லிவர்பூலில் இருந்த யோர்க் ஷ்மட்கே, ஜனவரி மாதத்தோடு விலகிக்கொண்டிருந்தார். ஆகவே தேர்வை நடத்த வேண்டிய நாற்காலியே அப்போது காலி. உரிமையாளரான ஃபென்வே ஸ்போர்ட்ஸ் குரூப், முன்பு விளையாட்டு இயக்குநராக இருந்து 2022-இல் விலகிய மைக்கேல் எட்வர்ட்ஸை மார்ச்சில் உயர்பொறுப்பில் திரும்ப அழைத்துவந்தது. அவர் அடுத்த சில நாட்களில் போர்ன்மத் கிளப்பின் ரிச்சர்ட் ஹியூஸை விளையாட்டு இயக்குநராக நியமித்தார். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நாம் விவாதித்த பெயர்கள் எல்லாம், தேர்வு செய்யப்போகிறவர்களே வந்து சேராத காலத்தின் பெயர்கள். இதை நான் அப்போதே உணர்ந்திருந்தால் பல இரவுகள் நிம்மதியாகத் தூங்கியிருப்பேன்.

எட்வர்ட்ஸ் எப்படிப்பட்டவர் என்பது முன்பே தெரிந்ததுதான். அவர் அங்கே பணிபுரிந்த 2015-இல், கிளாப்பைத் தேர்ந்தெடுத்தபோதே லிவர்பூல் தரவுகளை நாடியிருந்தது. கிளாப் அதற்கு முன் பயிற்றுவித்த ஜெர்மன் அணியான டார்ட்மண்ட், அங்கே அவருடைய கடைசிப் பருவத்தில், குளிர்கால இடைவேளையின்போது தகுதியிறக்க இடத்தில் (கீழ்நிலை லீக்குக்கு இறக்கப்படும் இடத்தில்) இருந்து, முடிவில் ஏழாம் இடம்தான் பெற்றது. கிளப்பின் ஆய்வுப் பிரிவை நடத்திய இயற்பியலாளர் இயன் கிரஹாம், அந்த அணியின் ஆட்டத் தரம் புள்ளிப்பட்டியல் காட்டியதைவிட வெகு உயர்ந்தது என்றும், முடிவுகள் அவர்களுக்குக் கைகொடுக்கவில்லை என்றும் கணக்கிட்டுக் காட்டினார். வெளியிலிருந்து பார்த்தவர்களுக்குச் சரிந்துபோன பயிற்சியாளராகத் தெரிந்தவரை அந்தக் கணக்கு வேறுவிதமாகக் காட்டியது.

அதே பார்வையில் ஸ்லாட்டைப் பாருங்கள். 2022 கோடையில், அவர் பயிற்றுவித்த நெதர்லாந்தின் ஃபெயனூர்ட் அணி மலாசியா, சினிஸ்டெரா, சென்னேசி, ஆர்ஸ்னஸ் எனத் தன் முதன்மை வீரர்கள் பலரை விற்றுவிட்டது. அவர்களில் மார்கோஸ் சென்னேசியை வாங்கியது ஹியூஸ் பணிபுரிந்த போர்ன்மத்; ஆகவே அந்த அணியை ஹியூஸ் கூர்ந்து கவனித்திருப்பார் என்று கருத இடம் இருக்கிறது. இவ்வளவு பேரை இழந்த அணியை வைத்துக்கொண்டு அடுத்த மே மாதத்தில் ஸ்லாட் நெதர்லாந்து லீக் பட்டத்தை வென்றார். அதற்கு முந்தைய ஆண்டு அதே கிளப்பை ஐரோப்பியப் போட்டியான கான்ஃபரன்ஸ் லீக்கின் இறுதியாட்டம்வரை கொண்டுசென்றிருந்தார். நால்வர் தற்காப்பு, எதிரணியின் பாதியிலேயே பந்தைப் பறிக்கும் அழுத்தம், தாக்கி ஆடும் போக்கு, வீரர்களைக் காயமின்றிக் களத்தில் வைத்திருக்கும் ஒழுங்கு, பெரும் செலவில்லாமல் இருப்பவர்களை மேம்படுத்தும் திறன் ஆகிய அனைத்தும் கிளாப் விட்டுச்சென்ற அணிக்கு நேராகப் பொருந்தின.

2024-25 பருவத்துக்கு முந்தைய கோடையில் உடனடியாகக் களமிறங்கக்கூடியவராக அணியில் சேர்ந்தவர் ஃபெடரிக்கோ கியேசா ஒருவர் மட்டுமே. நடுக்களத்தின் பின்பகுதிக்கு வரவேண்டிய மார்ட்டின் ஸுபிமெண்டி மறுத்துவிட, ஏற்கெனவே இருந்த ரையன் கிராவன்பெர்க்கை ஸ்லாட் அந்த இடத்தில் நிறுத்தினார். 2025 ஏப்ரல் 27 அன்று தன் சொந்த அரங்கமான ஆன்ஃபீல்டில் டாட்டன்ஹாமை 5-1 என வென்று, நான்கு ஆட்டங்கள் மீதமிருக்கையிலேயே லிவர்பூல் தன் 20-ஆவது லீக் பட்டத்தை உறுதிசெய்தது.

அந்த நான்கு மாதங்களில் நான் அறிந்துகொண்டது இதுதான்: ரசிகர்கள் மனிதரைத் தேடுகிறார்கள், கிளப் தன்னிடம் உள்ள வேலையின் வடிவத்துக்கு ஏற்றவரைத் தேடுகிறது. நம் ஊகம் பலிக்க வேண்டுமானால் முதலில் அந்த வேலை என்ன என்பதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

'மேலாளர்', 'தலைமைப் பயிற்சியாளர்' என்ற இரண்டு பதவிப் பெயர்களுக்கும் உண்மையில் வேறுபாடு உண்டா?

உண்டு. கிளாப் மேலாளர் என்ற பெயரில் இருந்தார்; ஸ்லாட் தலைமைப் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். இங்கிலாந்து மரபில் மேலாளர் என்பவர் வீரர்களை வாங்குவது, விற்பது உட்படப் பலவற்றில் கடைசிச் சொல்லை வைத்திருப்பவர். தலைமைப் பயிற்சியாளர் தமக்குத் தரப்பட்ட அணியைப் பயிற்றுவித்து ஆடவைப்பவர். வீரர் சந்தையை விளையாட்டு இயக்குநர் கவனிப்பார். ஒரு கிளப் எந்தப் பெயரில் ஆள் தேடுகிறது என்பதைக் கவனித்தாலே, எல்லா அதிகாரமும் தம்மிடம் வேண்டும் என்று கேட்கும் புகழ்பெற்றவர்கள் சிலரைப் பட்டியலிலிருந்து நீக்கிவிடலாம்.

பந்தய நிறுவனங்களின் விகிதங்களை நம்பலாமா?

முன்னறிவிப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது. 'அடுத்த பயிற்சியாளர் யார்' என்ற பந்தயத்தில் புழங்கும் பணம் ஓர் ஆட்டத்தின் முடிவின்மீது கட்டப்படும் பணத்தோடு ஒப்பிட மிகச் சிறியது. ஆகவே சிலர் சேர்ந்து ஒரு பெயரின்மீது பணம் கட்டினாலே விகிதம் சரிந்துவிடும், சரிவு செய்தியாகும், செய்தியைப் படித்தவர்கள் மேலும் கட்டுவார்கள். நாம் பேசியது ஒரு சுற்று சுற்றி நம்மிடமே சான்றுபோலத் திரும்பி வருகிறது.

எந்தச் செய்தியை நம்புவது, எதைத் தள்ளுவது?

சொற்களைக் கவனியுங்கள். 'விரும்புகிறது', 'கவனித்துவருகிறது', 'பட்டியலில் இருக்கிறார்' போன்றவை எதையும் உறுதிப்படுத்தாத சொற்கள். ஒரு பயிற்சியாளரின் முகவருக்கு, தம் ஆளின் ஊதியத்தை இப்போதைய கிளப்பில் உயர்த்திக்கொள்ள வேறு கிளப்பின் பெயர் தேவைப்படலாம். அப்போதும் இதே சொற்கள்தான் வெளிவரும். பேச்சு 'இழப்பீடு', 'உதவியாளர்கள்', 'பணி அனுமதி' என்ற நிலைக்கு வந்தால் விஷயம் முற்றியிருக்கிறது என்று பொருள். 2024 ஏப்ரல் இறுதி வாரத்தில் ஸ்லாட் பற்றிய செய்திகள் ஒரே நாளில் அப்படித்தான் தொனி மாறின. ஃபெயனூர்டோடு இழப்பீட்டுத் தொகை பேசப்படுகிறது என்று வந்தது, அவரும் தமக்கு அங்கே செல்ல விருப்பம் என்று வெளிப்படையாகச் சொன்னார்.

பெரிய பெயரைக் கண்டதும் மயங்காமல் இருப்பதும் தேவை. 2025 ஜூலையில் இந்திய ஆண்கள் அணியின் பயிற்சியாளர் பதவிக்கு 170 விண்ணப்பங்கள் வந்தபோது, பார்சிலோனாவின் முன்னாள் பயிற்சியாளர் சாவியும் விண்ணப்பித்ததாகச் செய்தி உலகெங்கும் பரவியது. சாவி, பெப் கார்டியோலா ஆகிய இருவர் பெயரிலும் வந்த மின்னஞ்சல்கள் உண்மையானவை அல்ல என்று அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பே பின்னர் அறிவித்தது. ஆகஸ்ட் 1 அன்று நியமிக்கப்பட்டவர் காலித் ஜமீல். பல ஆண்டுகளுக்குப் பிறகு ஓர் இந்தியர் அந்தப் பொறுப்புக்கு வந்ததைப் பற்றி நாம் விரிவாகப் பேசியிருக்க வேண்டிய நாட்களை, போலியான ஒரு மின்னஞ்சல் எடுத்துக்கொண்டது எனக்கு இன்னும் வருத்தமே.

முன்னாள் வீரர் ஒருவரைக் கொண்டுவருவது நல்லதுதானே? ஸ்டீவன் ஜெரார்டை ஏன் கருதவில்லை?

ஜெரார்ட்மீது எனக்குள்ள அன்பு யாருக்கும் குறைந்ததல்ல. அவர் 2021-இல் ரேஞ்சர்ஸ் அணிக்கு ஸ்காட்லாந்து லீக் பட்டத்தை ஒரு தோல்வியும் இன்றிப் பெற்றுத் தந்தபோது, அடுத்த லிவர்பூல் பயிற்சியாளர் அவர்தான் என்று பலரும் முடிவே செய்துவிட்டார்கள். ஆனால் ஆஸ்டன் வில்லாவில் ஓராண்டுக்குள் அவர் பதவி இழந்தார். கிளாப் விலகலை அறிவித்தபோது சவூதி அரேபியாவின் அல்-எத்திஃபாக்கில் இருந்தார். முன்னாள் வீரர் என்பது ரசிகர்களிடம் சில மாதப் பொறுமையைப் பெற்றுத் தரும். தோல்விகள் வரத் தொடங்கினால், நாம் நேசித்த ஒருவரையே நாம் விரட்ட வேண்டிய நிலையும் அதனால்தான் வரும்.

விலகிச் செல்பவரே அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பது சரியான வழியா?

2013 மே 8 அன்று அலெக்ஸ் ஃபெர்குசன் ஓய்வை அறிவித்தார். மறுநாளே டேவிட் மோய்ஸ் ஆறு ஆண்டு ஒப்பந்தத்தில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு நியமிக்கப்பட்டார், தேர்ந்தெடுத்தவர் ஃபெர்குசன். ஊகிக்க ரசிகர்களுக்கு ஒரு நாள்கூடக் கிடைக்கவில்லை. அதே கோடையில் தலைமை நிர்வாகி டேவிட் கில்லும் விலகியதால், புதிய பயிற்சியாளரும் வீரர் சந்தைக்குப் புதியவரான நிர்வாகியும் ஒரே நேரத்தில் பணி கற்க நேர்ந்தது. அடுத்த ஏப்ரல் 22 அன்று மோய்ஸ் நீக்கப்பட்டார்.

லிவர்பூலில், தேர்வில் தமக்குப் பங்கில்லை என்று கிளாப் சொல்லிவிட்டார். ஆனால் 2024 மே 19 அன்று ஆன்ஃபீல்டில் விடைபெற்றபோது, ஒலிவாங்கியைப் பிடித்து ஸ்லாட்டின் பெயரை அவரே பாடலாகப் பாடி, அரங்கம் முழுவதையும் பாடவைத்தார். நியமனத்தைக் கிளப் அறிவித்தது மறுநாள்தான். தம் இடத்துக்கு வருபவருக்கு இதைவிடப் பெரிய உதவியை ஒருவர் செய்துவிட முடியாது என்று நினைக்கிறேன்.

ஒருவரைத் தேர்ந்தெடுத்த பிறகும் நியமனம் தாமதமாவது எதனால்?

ஒப்பந்தத்தில் இருப்பவரை விடுவிக்க அவருடைய கிளப்புக்கு இழப்பீடு தர வேண்டும். அமோரிமுக்காக மான்செஸ்டர் யுனைடெட் ஏறத்தாழ 1.1 கோடி யூரோ கொடுத்தது. அதோடு அவருடைய உதவியாளர்களையும் சேர்த்து விடுவிக்க வேண்டும். வெளிநாட்டவருக்கு பிரித்தானியப் பணி அனுமதியும் வேண்டும்.

தொடர் தோல்வியின்போது பயிற்சியாளரை மாற்றினால் அணி மீளுமா?

அப்படி மீள்வதுபோலத் தோன்றும். நெதர்லாந்துப் பொருளியலாளர் பாஸ் டெர் வேல், தம் நாட்டு லீக்கின் 1986 முதல் 2004 வரையிலான பருவங்களை ஆராய்ந்தார். சரிவின்போது பயிற்சியாளரை மாற்றிய அணிகளையும், அதே அளவு சரிவிலும் மாற்றாமல் பொறுத்த அணிகளையும் அவர் ஒப்பிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒரே வேகத்தில்தான் மீண்டன. எந்த அணியும் தன் தரத்துக்குக் கீழே நெடுநாள் இருப்பதில்லை. மாற்றம் நிகழ்வதோ அந்தப் பள்ளத்தின் அடியில். ஏறுமுகத்தின் புகழ் புதியவருக்குப் போய்விடுகிறது.

இடைக்காலப் பயிற்சியாளர்களை மதிப்பிடும்போது இது மிகவும் பயன்படும். 2018 டிசம்பரில் மான்செஸ்டர் யுனைடெட்டுக்கு இடைக்காலப் பொறுப்பாக வந்த ஓலே குன்னர் சோல்ஷார், முதல் 19 ஆட்டங்களில் 14-இல் வென்றார். ரசிகர்களும் முன்னாள் வீரர்களும் அவரையே நிரந்தரமாக்கக் கோரினர். மார்ச் 28 அன்று பருவம் முடியும்வரைகூடக் காத்திராமல் கிளப் அவ்வாறே செய்தது. 2021 நவம்பரில் வாட்ஃபோர்டிடம் 4-1 எனத் தோற்ற மறுநாள் அவர் வெளியேறினார்.

ஆனால் மாற்றமே வீண் என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. வீரர்கள் தம் பயிற்சியாளரை நம்புவதை நிறுத்திவிட்டால் காத்திருப்பதில் பயனில்லை. அது புள்ளிப்பட்டியலில் தெரிவதைவிட, பந்தை இழந்த பிறகு வீரர்கள் திரும்பி ஓடும் விதத்தில் முன்னதாகத் தெரியும்.

ரசிகர்களின் குரல் உண்மையில் முடிவை மாற்றுமா?

யாரைக் கொண்டுவருவது என்பதைவிட, யாரைக் கொண்டுவரக் கூடாது என்பதில் அதற்கு வலு அதிகம். 2021 ஜூனில் ஜென்னாரோ கட்டூசோவோடு டாட்டன்ஹாம் பேசிக்கொண்டிருந்தபோது, அவர் முன்பு தெரிவித்த கருத்துகளைச் சுட்டி ரசிகர்கள் பெரும் எதிர்ப்பைக் கிளப்பினர், பேச்சு முறிந்தது. லிவர்பூலிலேயே 2010-11 பருவத்தில், ராய் ஹாட்ஜ்சன் பொறுப்பில் இருந்தபோது ஆன்ஃபீல்டில் முன்னாள் வீரரும் பயிற்சியாளருமான கென்னி டால்கிலீஷின் பெயர் முழங்கியது. ஜனவரியில் ஹாட்ஜ்சன் விலக, டால்கிலீஷ் வந்தார். அவர் 2012-இல் லீக் கோப்பையை வென்று தந்தும், லீக்கில் எட்டாம் இடம் பெற்ற அந்தப் பருவத்தின் முடிவில் நீக்கப்பட்டார். அந்த முழக்கத்தில் சேர்ந்தவர்களை நான் குறைசொல்ல மாட்டேன். கிளப் தன் அடையாளத்தை இழந்துகொண்டிருந்த நேரம் அது.

வேட்பாளர்கள் எல்லோரும் மறுத்துவிட்டால் கிளப்பின் நிலை என்ன?

பலர் அஞ்சும் அளவுக்கு மோசமாக இருக்க வேண்டியதில்லை. லிவர்பூல் தேடிய அதே மாதங்களில் ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக்கும் தேடிக்கொண்டிருந்தது. அலோன்சோ லெவர்குசனில் நின்றார். யூலியன் நாகல்ஸ்மன் ஜெர்மனி அணியோடு ஒப்பந்தத்தை நீட்டினார். ரால்ஃப் ராங்னிக் ஆஸ்திரியா அணியில் தொடர்ந்தார். விலகப்போகும் தாமஸ் துக்கலையே தக்கவைக்க நடந்த பேச்சும் பலிக்கவில்லை. மே இறுதியில் அவர்கள் நியமித்த வின்சென்ட் கொம்பனி, பிரீமியர் லீக்கிலிருந்து அப்போதுதான் தகுதியிறங்கிய பர்ன்லியின் பயிற்சியாளர். எந்த ரசிகரின் பட்டியலிலும் அவர் முதல் பத்தில்கூட இருந்திருக்க மாட்டார். அடுத்த பருவத்தில் பேயர்ன் ஜெர்மன் பட்டத்தை மீட்டது.

பட்டம் வென்ற பிறகும் ஸ்லாட்டுக்கு மாற்று யார் என்று ஊகம் எழுந்ததே, அது நியாயமா?

2025 நவம்பர் 26 அன்று நெதர்லாந்தின் பி.எஸ்.வி. அணியிடம் ஆன்ஃபீல்டிலேயே 4-1 எனத் தோற்றபோது, லிவர்பூல் தன் கடைசி 12 ஆட்டங்களில் 9-ஐ இழந்திருந்தது. கேள்வி எழுந்ததில் வியப்பில்லை. கேட்கும் உரிமையும் ரசிகர்களுக்கு உண்டு. ஆனால் அந்தப் பருவத்தை வேறு எந்தப் பருவத்தோடும் ஒப்பிட எனக்கு மனம் வரவில்லை. ஜூலை 3 அன்று லிவர்பூல் வீரர் தியோகோ ஜோட்டா தம் சகோதரரோடு கார் விபத்தில் இறந்தார். அந்த வீரர்கள் உடைமாற்றும் அறையில் ஒரு நண்பனின் வெற்றிடத்தோடு பருவத்தைத் தொடங்கினார்கள். அதோடு ஃபுளோரியன் விர்ட்ஸ், அலெக்சாண்டர் இசாக், ஹ்யூகோ எகிடிகே என முன்வரிசையே புதிதாக மாறியிருந்தது. அந்த நேரத்தில் பெயர்ப்பட்டியல் போடுவதற்கு என் கை எழவில்லை.

கிளாப் திரும்பி வருவாரா?

என்னிடம் மிக அதிகமாகக் கேட்கப்படும் கேள்வி இது. 2025 ஜனவரி முதல் அவர் ரெட் புல் நிறுவனத்தின் கால்பந்து அணிகளை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருக்கிறார். இங்கிலாந்தில் வேறு எந்த அணிக்கும் பயிற்சி தரமாட்டேன் என்பது அவர் வாக்கு. ஆகவே இங்கிலாந்துக்குத் திரும்பினால் அது லிவர்பூலுக்காகவே இருக்கும், கோட்பாட்டளவில் அது நடக்கக்கூடியதே என்று 2025 இலையுதிர் காலத்தில் ஒரு நேர்காணலில் சொன்னார். அவர் சொன்னது அவ்வளவுதான்.